கணக்கில் வராத பணியிடங்கள்

நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்புவதில் திண்டுக்கல்லுக்கென்று ஒரு வரலாறு உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதமே எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. மாயத்தேவர் ஜெயித்தார். இரட்டை இலைச் சின்னம் முதன்முதலாக வென்றது இந்த மண்ணில்தான். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். அந்தக் கோடையில் சுவர் இருந்த வீட்டுக்காரர் எவரும் தன் சுவரைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. ராத்திரி ஒலிபெருக்கி ஓய்ந்தால் விடியற்காலை சைக்கிள் ஊர்வலம். யார் எம்.பி. ஆக வேண்டும் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. டெல்லிக்குப் போகிறவர் அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. ஐம்பது வருடம் கழித்தும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன். ஆள் சம்பந்தப்பட்ட காகிதம் அத்தனையும் அந்த மேஜை வழியாகத்தான் போக வேண்டும். பட்ஜெட் காலம் வந்தால் நம்பர் ஸ்டேட்மெண்ட் எழுதுவோம். இரண்டு ஃபுல்ஸ்கேப் தாளை அகலவாக்கில் ஒட்டி, அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் பிரிப்போம். பதவியின் பெயர், சம்பள விகிதம், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எந்த அரசாணையில் அனுமதி, அதன் தேதி, பணியில் இருப்போர், காலியிடம். ஆணையர் முதல் தெருக் கூட்டுகிறவர் வரை எல்லாரும் அந்தத் தாளில் வருவார்கள். அரசாணை எண் இல்லாத வரி ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. தற்காலிகப் பணியிடம் என்றால் ஆண்டுதோறும் தொடர் நீட்டிப்பு ஆணை வாங்க வேண்டும். ஆணை வரச் சுணங்கினால் அந்த ஆளுக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்து விழாது. பிறகு தணிக்கைக்காரர்கள் வருவார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை. பச்சை மையில் ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போனார்கள் என்றால், அதற்குப் பதில் சொல்லி முடிக்கும் வரை எழுதியவரும் தூங்க மாட்டார், கையெழுத்துப் போட்டவரும் தூங்க மாட்டார்.

முதல் சில வருடங்கள் எங்களுக்கு மன்றம் கிடையாது. தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1986-இல் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, கேள்வி கேட்கிறவர்கள் நேரில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். கை இரண்டிலும் சுண்ணாம்பு அரித்த தழும்பு. படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டாது. பொருள்நிரலில் நீரேற்று நிலையத்துக்கு இரண்டாவது காவலர் பணியிடம் கேட்டு ஒரு தீர்மானம்.

"ஒரு பம்ப் ரூமுக்கு எதுக்குய்யா ரெண்டு வாட்ச்மேன்?"

"ராத்திரிக்கு ஒருத்தருங்க, பகலுக்கு ஒருத்தருங்க."

"பகல்ல ஆபரேட்டர் இருக்காருல்ல? அவரு என்ன கண்ண மூடிக்கிட்டா உக்காந்திருப்பாரு?"

அந்தத் தீர்மானம் அன்றைக்கு நிறைவேறவில்லை. மறுகூட்டத்துக்குள் ஆபரேட்டரின் வேலை நேரம், பம்ப் ரூமில் நடந்த திருட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் எல்லாவற்றையும் இணைத்துக் குறிப்பு எழுதி வைத்தோம். அதற்குப் பிறகுதான் பணியிடம் கிடைத்தது. ஊரார் காசில் ஓர் ஆளை நியமித்தால், அவர் எதற்கு என்று ஊரார் அனுப்பிய ஆள் கேட்க வேண்டும், அலுவலகம் சொல்ல வேண்டும். பணியின் இலக்கணமாக நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

அதே வருடங்களில் எங்கள் கண்ணெதிரே இருந்த சிறுமலையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

என் சித்தப்பா வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். சிறுமலை வாழைப்பழம் அந்தக் காலத்தில் குதிரை முதுகில்தான் தோட்டத்திலிருந்து இறங்கும். குதிரைக்காரர்கள் மண்டி வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில் மலைச் செய்தி எல்லாம் வந்து சேரும். எங்கே காட்டெருமை நின்றது என்பது வரை தெரியும். 1984-இலிருந்து அந்தப் பேச்சில் வேறு ஆட்களும் வந்தார்கள்.

"மேல சிலோன் பயலுக வந்து எறங்கியிருக்காய்ங்க அண்ணே. விடியக்கருக்கல்ல ஓட ஆரம்பிச்சா வெயில் ஏறுற வரைக்கும் ஓடுறாய்ங்க. அதுக்கு மேல கம்பத் தோள்ல வச்சுக்கிட்டு நடை."

"கம்பா, துப்பாக்கியா?"

"நமக்கு எதுக்குண்ணே அது."

சித்தப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு நேர்ந்ததை ஊரே அறியும். கடையடைப்பு, உண்டியல், ஊர்வலம் எல்லாம் நடந்திருந்தது. மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் அதைப் புண்ணியம் என்றுதான் இங்கே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பரிவில் இன்றுவரை எனக்கு மாற்றம் இல்லை. 1985-இல் விடுதலைப் புலிகளின் முதல் பெண்கள் அணி பயிற்சி பெற்றது இந்தச் சிறுமலையில்தான் என்று பின்னால் புத்தகங்களில் வந்தது. மண்டிக்கு வந்த குதிரைக்காரருக்கு அது அப்போதே தெரியும்.

தெரியாமல் இருந்தது நாடாளுமன்றத்துக்கு. 1984 மார்ச் கடைசியில் இந்தியா டுடே இதழில் சேகர் குப்தா தமிழ்நாட்டில் இருந்த முகாம்களைப் பற்றி விரிவாக எழுதினார். டெல்லியின் அதிகாரபூர்வமான பதில், அப்படி எந்த முகாமும் இந்திய மண்ணில் இல்லை என்பதுதான். ஈழப் போராளிக் குழுக்களுக்கு முதல் கட்டப் பயிற்சியை வடக்கே டேராடூன், சக்ராதா பக்கம் நடத்தியது 'ரா' என்கிற வெளிநாட்டு உளவு அமைப்பு. அங்கே கற்றுக்கொண்டு வந்தவர்கள் சிறுமலை, சேலம் மாவட்டத்துக் கொளத்தூர் போன்ற இடங்களில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு நாட்டின் உள்நாட்டுப் போருக்கு நம் அரசு ஆள் தயார் செய்தது. எத்தனை பேருக்குப் பயிற்சி, அதற்கு எத்தனை அதிகாரிகள், இலங்கையில் எத்தனை பேரை வைத்திருக்கிறோம், எதுவரை போவோம் என்ற கேள்விகளுக்கு மக்கள் பிரதிநிதிகளின் எந்த அவையிலும் பதில் வைக்கப்படவில்லை.

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஊரில் பட்டாசு வெடித்தோம். புது மாவட்டம் என்றால் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை எழுத்தர், எத்தனை ஜீப் டிரைவர், எத்தனை அலுவலக உதவியாளர் என்று ஆணைகள் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் நகல் வாங்கிப் பார்க்கலாம். சிறுமலையும் இந்த மாவட்டத்துக்குள் வந்தது. மலையடிவாரத்து ஜீப் டிரைவர் பணியிடத்துக்கு அரசாணை எண் இருந்தது. மலை மேலே நடந்த காரியத்துக்குப் பொறுப்பான அமைப்புக்கு அதைத் தோற்றுவித்த சட்டம்கூடக் கிடையாது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் வெளிநாட்டுத் தகவல் சரியாக வரவில்லை என்று, உளவுத்துறையிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து 1968 செப்டம்பர் 21 அன்று 'ரா'வைத் தொடங்கினார் இந்திரா காந்தி. தலைவர் ஆர்.என். காவ். நிர்வாக உத்தரவில் பிறந்த அமைப்பு அது. இன்றுவரை அப்படியே. அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் வரும்போது, விவாதிக்க நேரமில்லாத கோரிக்கைகளைக் கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். உளவுச் செலவு எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வழக்கம் இல்லை. ரகசியச் செலவைத் தலைமைத் தணிக்கையாளரும் மற்றக் கணக்குகளைப் போல ரசீது ரசீதாகப் புரட்டுவதில்லை. துறை கொடுக்கும் சான்றிதழோடு முடிகிறது. எம்.பி. ஒருவர் எழுந்து கேட்கலாமே என்றால், இயல்பிலேயே ரகசியமான விஷயங்களைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று மக்களவை நடைமுறை விதி 41 இருக்கிறது. பம்ப் ரூமின் இரண்டாவது காவலரைப் பற்றி எங்கள் மன்றத்துத் தோல் தொழிலாளி கேட்க முடிந்தது. அதைப் போன்ற ஒரு கேள்வியை ஆறு சட்டமன்றத் தொகுதி அளவு மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் கேட்க முடியாது.

எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாவிட்டால் அமைப்புக்கு வசதிதானே என்று தோன்றும். அந்த அமைப்புக்குள் இருந்தவர்களின் அனுபவம் அப்படி இல்லை. நெருக்கடி நிலை முடிந்து 1977-இல் மொரார்ஜி தேசாய் பிரதமரானார். இந்திராவின் கருவியாக 'ரா' இருந்தது என்று அவருக்குக் கோபம். பட்ஜெட்டையும் ஆட்களையும் வெட்டினார்கள். காவ் போனார். அடுத்து வந்த சங்கரன் நாயர், தலைவர் பதவியின் தகுதியைக் குறைத்ததால் சீக்கிரமே விலகினார். 1980-இல் இந்திரா திரும்பி வந்ததும் மறுபடி வளர்ச்சி. அங்கே நீண்ட காலம் பணிபுரிந்த தமிழரான பி. ராமன் 2007-இல் எழுதிய நினைவு நூலில் இந்தக் காலத்தைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. வெளிநாட்டில் ஒரு தகவல் தொடர்பை உருவாக்குவது பல வருட வேலை. ஒரு பிரதமருக்குப் பிடித்தால் கூட்டுவது, இன்னொருவருக்குப் பிடிக்காவிட்டால் குறைப்பது என்றால் அதில் உழைத்தவன் யாரிடம் போய்ச் சொல்வான்? எங்கள் அலுவலகத்தில் ஒரு கடைநிலைப் பணியிடத்தை ஒழிக்க வேண்டும் என்றால்கூடத் தீர்மானம், குறிப்பு, ஆணை என்று மூன்று படி ஏற வேண்டும். சட்டம் அமைப்பைக் கட்டுப்படுத்தும், அதே சட்டம் அமைப்பைக் காப்பாற்றவும் செய்யும். 'ரா'வுக்கு அந்த இரண்டுமே வாய்க்கவில்லை.

நாடாளுமன்றம் உளவு அமைப்புகளின் பணியாளர்களைப் பற்றிச் சட்டம் இயற்றியே இல்லையா என்றால், இயற்றியது. 1980-இல் 'ரா' ஊழியர்கள் தலைமையகத்திலேயே போராட்டத்தில் இறங்கினார்கள். 1985-இல் உளவு அமைப்புகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. அந்த ஊழியர்கள் சங்கம் வைக்கக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது. சிறுமலையில் பயிற்சி நடந்துகொண்டிருந்த அதே வருடம். அமைப்பு எத்தனை பேரை எங்கே வைக்கலாம் என்று கேட்காத அவை, வைக்கப்பட்டவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் விதித்தது. அரசு ஊழியனாகச் சங்கத்தில் சந்தா கட்டி, கோரிக்கை அட்டை அணிந்து வேலை பார்த்தவன் நான். அந்தச் சட்டத்தை முதல்முறை படித்தபோது அங்கே வேலை பார்க்கும் முகம் தெரியாத எழுத்தர்களுக்காக வருத்தப்பட்டேன்.

பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். 1986 நவம்பரில் பெங்களூரு சார்க் மாநாட்டுக்கு முன்னால் மோகன்தாஸ் தலைமையிலான தமிழ்நாடு போலீஸ் ஒரே நாளில் போராளிக் குழுக்களின் ஆயுதங்களைப் பறித்தது. இல்லை என்று சொன்ன முகாம்களிலிருந்து எடுத்த ஆயுதங்கள். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. பயிற்சி கொடுத்த கைக்கும் பயிற்சி பெற்ற கைக்கும் சண்டை. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை.

இதில் நாடாளுமன்றம் விழித்துக்கொண்ட ஒரு தருணம் உண்டு. அந்தக் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் அவையில் வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இருந்த முகாம்கள், மத்திய அரசின் பங்கு எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. பதின்மூன்று ஆண்டு தாமதமாக, குதிரைக்காரர் சொன்னது அவைக்கு வந்து சேர்ந்தது. அறிக்கையை வைத்து அமளி. தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ், முடியாது என்றார் பிரதமர் குஜ்ரால், ஆட்சி கவிழ்ந்தது. ஓர் ஆட்சியையே கவிழ்க்கும் பலம் அவைக்கு இருந்திருக்கிறது. அந்த பலத்தை வைத்து, இனி எந்த அமைப்பும் வெளிநாட்டில் இப்படி ஒரு காரியத்தைத் தொடங்கும் முன் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சட்டம் எழுதவில்லை. அன்று தொலைக்காட்சியில் அந்தக் கூச்சலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எந்தக் கட்சி மேலும் கோபம் வரவில்லை, எல்லார் மேலும் சேர்த்துத்தான் வந்தது.

மற்ற நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் 1949-ஆம் வருடச் சட்டப்படி சி.ஐ.ஏ. தன் ஆட்களின் எண்ணிக்கையை வெளியே சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் பல வருடம் மூடுமந்திரம்தான். 1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் திட்டமிட்டது வரை தோண்டி எடுத்தது. அதன் பலனாக 1976-இல் செனட்டிலும் 1977-இல் கீழவையிலும் உளவுக்கென்று நிரந்தரக் குழுக்கள் வந்தன. இப்போது அங்கே உளவு அமைப்புகளுக்கான அங்கீகாரச் சட்டத்தோடு ரகசிய இணைப்பு ஒன்று இருக்கும். எந்த அமைப்புக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆள் என்ற உச்சவரம்பு அதில் இருக்கும். பொதுமக்கள் படிக்க முடியாது. உறுப்பினர்கள் காவல் போட்ட அறைக்குள் போய்ப் படிக்கலாம். வரம்புக்கு மேல் சிறு சதவீதம் ஆள் எடுக்க வேண்டுமானால் காரணம் சொல்லிக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இதைப் படித்த அன்று நான் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டேன். அனுமதித்த பணியிடம், கூடுதல் ஆளுக்குக் காரணம், மேலிடத்துக்குக் குறிப்பு. உலகத்திலேயே பெரிய உளவு அமைப்பு எங்கள் செக்ஷன் எழுதிய அதே தாளைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது!

வெளிநாட்டில் ஆள் வைப்பதற்கும் அவர்கள் வரம்பு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் கொலம்பியாவின் போதைப்பொருள் ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கியபோது, வியட்நாம் மாதிரி கால் வைத்தால் எடுக்க முடியாமல் போய்விடக் கூடாது என்று, ராணுவத்தினர் 500 பேர், ஒப்பந்தப் பணியாளர் 300 பேர் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2004-இல் அரசு கேட்டு வாங்கி அது 800, 600 ஆனது. கூட்டத்தான் செய்தார்கள். ஆனால் கூட்டுவதற்கு அவைக்கு வந்து கேட்க வேண்டியிருந்தது. பிரிட்டனிலும் ரகசிய உளவுச் சேவைக்கு 1994-இல் சட்டம் செய்து, எம்.பி.க்கள் குழுவையும் அமைத்தார்கள்.

அந்த முறையில் ஓட்டை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உச்சவரம்பு என்பது நிரந்தர ஊழியரின் தலையை எண்ணும். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஆளை எண்ண வைப்பது கஷ்டம். கொலம்பியாச் சட்டத்தில் ஒப்பந்தக்காரரையும் தனியாக எண்ணியதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். திண்டுக்கல் 1866 முதல் நகராட்சி, 2014-இல் மாநகராட்சி. 2022-இல் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கிப் பல வேலைகளை வெளிமுகமைக்கு விட வழி செய்தது. இன்றைக்கு விடியற்காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு வரும் தங்கச்சியிடம், "பெர்மனென்ட்டாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்கய்யா, கான்ட்ராக்ட்" என்றார். வேலை அதே வேலை. நம்பர் ஸ்டேட்மெண்டில் அவர் கிடையாது. கணக்கெடுப்பின் ஒழுங்கு தெரு அளவிலேயே கரைகிறது என்றால், ஒருபோதும் கணக்கெடுக்காத இடத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இங்கே குரல் எழாமல் இல்லை. 2010 ஜனவரியில் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவுக்கு வந்த குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி, உளவு அமைப்புகளுக்கு நாடாளுமன்ற மேற்பார்வை வேண்டும் என்று அந்த அமைப்பின் மேடையிலேயே சொன்னார். அப்போது மாநிலங்களவையின் தலைவரும் அவர்தான். 2011-இல் மணீஷ் திவாரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 'ரா', உளவுத்துறை, தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு மூன்றுக்கும் சட்ட அடிப்படை, எம்.பி.க்கள் இடம்பெறும் மேற்பார்வைக் குழு, புகார் கொடுக்கத் தீர்ப்பாயம் எல்லாம் அதில் இருந்தது. 2012-இல் அவர் அமைச்சரானார், மசோதா அங்கேயே நின்றது. இந்த நாட்டில் தனிநபர் மசோதா சட்டமானது மொத்தம் 14 தடவை, கடைசியாக 1970-இல். நீதிமன்றத்துக்கும் போனார்கள், 2016-இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இந்த அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் என்றால் மட்டும் கேட்கலாம்.

இதோடு ஒப்பிட வேண்டிய ஒன்று அதே நாடாளுமன்றத்தில் நடக்கிறது. வெளியுறவுத் துறைக்கான நிலைக்குழு, தூதர்கள் போதவில்லை என்று வருடா வருடம் அரசை உலுக்குகிறது. 2023-இல் கொடுத்த அறிக்கையில், துறையின் மொத்தப் பணியாளர் 4,888 பேர், அதில் ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் 1,011 பேர்தான் என்று எண்ணிச் சொல்லி, இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது எப்படிப் போதும் என்று கேட்டது. நல்ல அறிக்கை. படித்துப் பார்த்தால் எம்.பி.க்கள் அக்கறையாக உழைத்திருப்பது தெரியும். அதே தூதரகக் கட்டடங்களில் வேறு பதவிப் பெயரில் உட்கார்ந்திருக்கும் உளவு அதிகாரிகளைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அவர்கள் போதுமா, அதிகமா, பாஷை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, காலியிடம் எத்தனை என்று அக்கறைப்பட அவர்களுக்கு யாரும் இல்லை.

சிறுமலைக்கு இப்போது கார் போகிறது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு என்றால் மதுரைப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்த மலையில் என்ன நடந்தது என்று அவர்களிடம் சொன்னால், சினிமாக் கதை கேட்பது போலக் கேட்கிறார்கள்.

மலையை விட்டு இறங்கி நத்தம் பக்கம் கொஞ்ச தூரம் போனால் தோட்டனூத்து. இலங்கைத் தமிழர் முகாம். போரில் தப்பி வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் பல வருடம் தகரத்துக்கும் ஓலைக்கும் கீழே இருந்தார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் 321 புது வீடுகளை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். என் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர் அந்த முகாம்காரர். மன்னாரிலிருந்து குழந்தையாக வந்தவர். ஒரு நாள் மதியம் சீக்கிரம் கிளம்பினார்.

"செக்கிங் இருக்கு ஐயா. போய்க் கையெழுத்து வைக்கோணும்."

"இன்னுமா?"

"எப்பவும் உண்டு. வீட்டில எத்தின பேர், ஆர் வெளியில, எப்ப வருவினம், எல்லாம் அவையளிட்ட இருக்கு. நான் பிறந்த தேதி எனக்கு மறந்தாலும் அவைக்கு மறக்காது."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு போரிலிருந்து ஓடி வந்த குடும்பத்தில் தலை தலையாக எண்ணுகிறோம். அந்தப் போருக்குள் போய்க் கை வைத்த நம் அமைப்பில் எத்தனை தலை என்று நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவருக்குச் சொல்ல மாட்டோம்.

2024 தேர்தலில் தெருவுக்கு நோட்டீஸ் கொடுக்க வந்த ஒரு கட்சிக்காரத் தம்பியிடம் இதைக் கேட்டேன். நல்ல பையன், நின்று கேட்டான். "அய்யா, நீங்க ரோடு, தண்ணி கேப்பீங்கன்னு பார்த்தேன்" என்றான். ரோடும் தண்ணியும் கவுன்சிலரிடம் கேட்கிறேன் தம்பி, டெல்லிக்குப் போகிறவரிடம் டெல்லியில் நடப்பதைத்தானே கேட்க முடியும் என்றேன். தலைவரிடம் சொல்கிறேன் என்று போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது எங்கள் எம்.பி.க்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எந்த நாட்டில் யார் என்று கேட்கவில்லை. இரு அவைகளிலிருந்தும் எல்லாக் கட்சியிலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுத்து, ரகசியக் காப்புப் பிரமாணம் எடுக்க வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மூடிய அறையில் ஒரு தாளைக் காட்டுங்கள் என்கிறேன். வெளிநாட்டில் அனுமதித்த பணியிடம், இருப்பவர், காலி, ஒப்பந்தத்தில் வைத்திருப்பவர். கூட்டினால் ஏன் கூட்டினோம், குறைத்தால் ஏன் குறைத்தோம். ஆயுதப் பயிற்சி மாதிரி ஒரு காரியத்தைத் தொடங்கினால், தொடங்கிய சில நாளுக்குள் அந்தக் குழுவுக்குத் தகவல். அதற்கு ஒரு சட்டம்.

மனுவைப் படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "எண்ணிக்கை வெளிய போனா எதிரிக்குத் தெரிஞ்சிருமே சார்" என்றார். ராணுவத்தில் எத்தனை அதிகாரிப் பணியிடம் காலி என்று பாதுகாப்பு அமைச்சகம் அவையிலேயே எழுத்தில் பதில் கொடுக்கிறது. பாகிஸ்தானும் சீனாவும் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கின்றன. துப்பாக்கி ஏந்தி எல்லையில் நிற்பவர்களின் பற்றாக்குறையை ஊரறியச் சொல்ல முடிகிற நாடு, உளவு அதிகாரிகளின் எண்ணிக்கையைப் பிரமாணம் எடுத்த பத்துப் பேரிடம் பூட்டிய அறைக்குள் சொல்ல முடியாதா? அவருக்குச் சொன்ன இந்தப் பதிலையும் மனுவின் கடைசிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வர வேண்டும்.